கஞ்சியில் கலந்த மாத்திரையும் வாரத்தின் 156 மணி நேரமும்

கேள்வி: குலசேகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. பாலிடெக்னிக் முடித்துக் கேரளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, காதில் ஆட்கள் பேசுகிறார்கள் என்றும் பக்கத்து வீட்டார் சாப்பாட்டில் விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லத் தொடங்கினான். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் என்றார்கள். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைத் துப்பிவிடுவான். அதனால் சித்திரை மாதத்திலிருந்து அம்மா அவனுக்குத் தெரியாமல் இரவுக் கஞ்சியில் பொடித்துக் கலந்து கொடுத்து வருகிறார். மருத்துவரிடம் "ஒழுங்காக எடுத்துக்கொள்கிறான்" என்றே சொல்லியிருக்கிறோம். போன வாரம் அவர், இரண்டு மருந்தும் போதிய பலன் தரவில்லை, குளோசாபின் என்ற வேறு மருந்தைத் தொடங்கலாம், மறுபடியும் அட்மிஷன் வேண்டாம், நாகர்கோவிலில் வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று எட்டு வாரத் தீவிர வெளிநோயாளிச் சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்றார். அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள், அங்கே இது வழக்கமானது என்கிறாள். மாமாவோ, சேர்த்து வைத்துப் பார்க்காமல் அனுப்பிவிடுவது கைகழுவுவதுதான், ஒரு பிரார்த்தனை இல்லத்தில் நாற்பது நாள் விடுவோம், இல்லையென்றால் ஒரு கல்யாணம் செய்துவைப்போம் என்கிறார். தம்பி மட்டும், "வீட்டில் இருக்க விட்டால் போய்வருகிறேன்" என்கிறான். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது சிகிச்சைத் திட்டத்தைப் பற்றி. எனினும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கஞ்சி பற்றிய வரிதான். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு வருபவை என்பதால், முதலில் அதைப் பற்றிப் பேச அனுமதியுங்கள்.

அம்மா செய்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகன் மறுபடியும் தெருவில் இறங்கிக் கத்தக்கூடாது என்ற பயத்தில், வேறு வழி தெரியாத தாய்மார்கள் செய்வதையே அவர் செய்திருக்கிறார். இதே காரியத்தைத் தயங்கித் தயங்கி, மகன் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து என்னிடம் சொன்ன தாய்மார்கள் பலர். ஆனால் அதன் விளைவு எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று பாருங்கள். தம்பி கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த இரவுகள் எத்தனை, வெளியில் சாப்பிட்டு வந்து கஞ்சியே வேண்டாம் என்ற இரவுகள் எத்தனை என்று அம்மாவுக்கே கணக்குத் தெரியாது. மருத்துவரோ, எழுதிக் கொடுத்த அளவு முழுவதும் உடலுக்குள் போயும் குரல்கள் அடங்கவில்லை என்று நம்பி, மருந்து தோற்றுவிட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். குளோசாபினை மனநல மருத்துவர்களாகிய நாங்கள் எடுத்த எடுப்பில் எழுதுவதில்லை. குறைந்தது இரண்டு வேறு மருந்துகளை, போதிய அளவில், ஆறு வாரம் போல விடாமல் கொடுத்தும் குறையவில்லை என்றால்தான் அதன் பக்கம் போகிறோம். உங்கள் தம்பியின் விஷயத்தில் அந்த மருந்துகள் உண்மையிலேயே தோற்றனவா, அல்லது உள்ளே போகவே இல்லையா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது.

குளோசாபினை ஒளித்துக் கொடுக்கவே கூடாது என்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. அந்த மருந்தைச் சிறிய அளவில், 12.5 மில்லிகிராமில் தொடங்கி, சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். இரண்டு நாள், அதாவது 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது. மருத்துவரைக் கேட்டு மறுபடியும் அடியிலிருந்து ஏறி வர வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம். ரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவது சிலருக்கே நேர்கிறது என்றாலும், அதைப் பிடிப்பதற்காக முதல் 18 வாரங்கள் வாரம் ஒரு முறையும், அதன்பின் மருத்துவர் சொல்லும் நீண்ட இடைவெளிகளிலும் ரத்தம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். எந்த மருந்துக்காக இந்த ஊசி என்று தெரியாத ஒருவன் வாராவாரம் கையை நீட்டுவானா? காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், மலச்சிக்கலை அலட்சியமாக விடக்கூடாது என்பவற்றையெல்லாம் கவனித்துச் சொல்ல வேண்டியவனும் அவனே. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கும், திடீரென்று புகையை விட்டால் அளவு ஏறிவிடும்.

இவை மருந்துக் கணக்கு. இதைவிட ஆழமான சேதம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதானே தம்பியின் சந்தேகம்? அது நோய், அதில் உண்மையில்லை என்று நீங்கள் எல்லோரும் மூன்று ஆண்டுகளாக அவனிடம் சொல்லி வந்திருக்கிறீர்கள். இப்போது அவன் வீட்டுச் சாப்பாட்டில் உண்மையாகவே ஒன்று கலக்கப்படுகிறது. ஒருநாள் அடுக்களையில் அம்மியையோ பொடித்த தாளையோ அவன் பார்த்துவிட்டால், அவன் சந்தேகத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அதன்பிறகு அம்மாவின் கையால் ஒரு வாய் சாப்பிட அவன் மறுத்தால், அதை நோயின் அறிகுறி என்று என்னால் எழுத முடியாது.

ஆகவே இதை வெளியில் கொண்டுவர வேண்டும். ஆனால் இன்று இரவே, நீங்களாகவே வேண்டாம். திடீரென்று கலப்பதை நிறுத்தினாலும் நோய் மேலெழலாம், அவனிடம் ஆத்திரத்திலோ அழுகையிலோ சொல்லிவிட்டாலும் விபரீதமாகலாம். முதலில் நீங்களும் அம்மாவும் மட்டும் மருத்துவரைப் பார்த்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் கோபப்படுவாரோ என்று பயப்படாதீர்கள். இதைக் கேட்டுக் கோபப்படும் மருத்துவரைவிட, அப்பாடா என்று மூச்சுவிடும் மருத்துவரே அதிகம், ஏனென்றால் புரியாமலிருந்த கணக்கு அப்போதுதான் புரிகிறது. பிறகு அவர் முன்னிலையிலேயே தம்பியிடம் சொல்வது நல்லது. அம்மா மன்னிப்புக் கேட்பதிலும் தவறில்லை. அந்த இடத்தில் அவனுக்குத் தேர்வும் இருக்க வேண்டும்: மாத்திரை ஏன் பிடிக்கவில்லை, தூக்கமா, எடை கூடுவதா, கை நடுக்கமா, உடலுறவு ஆசை குறைவதா என்று யாரேனும் அவனைக் கேட்டிருக்கிறார்களா? தினமும் மாத்திரை வேண்டாம் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு ஒரு முறையோ போடும் நீண்ட நாள் ஊசிகள் இருக்கின்றன. பழைய மருந்துகளில் ஒன்றையே ஊசியாகச் சில மாதங்கள் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்கும் கேட்கவில்லை என்றால் குளோசாபினுக்குப் போகலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். முடிவு அவருடையதும் தம்பியுடையதும். கேட்பது உங்கள் கடமை.

இனி நீங்கள் கேட்ட திட்டத்துக்கு வருகிறேன். வெளிநோயாளி என்ற சொல் நம் ஊரில் ஓபி சீட்டையும், நீண்ட வரிசையையும், ஐந்து நிமிடப் பேச்சையும்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறது; மாமா கைகழுவுவது என்று நினைத்ததில் வியப்பில்லை. தீவிர வெளிநோயாளிச் சிகிச்சை அதுவல்ல. வார்டில் கிடைக்கும் சிகிச்சையின் பெரும்பகுதியை, படுக்கை மட்டும் இல்லாமல், வாரத்தில் பல நாள்கள் சில மணி நேரங்களாகப் பிரித்துத் தருவது அது. உங்கள் சித்தி மகள் சொன்னது சரிதான். அமெரிக்காவில் முதியோருக்கும் உடல் முடியாதோருக்குமான மெடிகேர் அரசுக் காப்பீடு 2024 ஜனவரி முதல் இதற்கெனத் தனியாகப் பணம் தருகிறது, வாரம் குறைந்தது 9 மணி நேரச் சேவை தேவை என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்பது அதன் விதி. அங்கே வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் தேவைப்படுவோருக்குப் பகல்நேர மருத்துவமனைத் திட்டம் என்று இதற்கு மேலே ஒரு படியும் உண்டு. நம் நாட்டில் இப்படி மணிக்கணக்கில் வரையறுத்த திட்டங்கள் இன்னும் அரிது, ஒரே பெயரில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றைத் தருகிறார்கள், ஆகையால் பெயரை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உள்ளே இருக்க வேண்டியவை என்று நான் எதிர்பார்ப்பது: வாரம் ஒரு முறையாவது மனநல மருத்துவர் நேரில் பார்ப்பது, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கவனிப்பது, குரல்களோடும் சந்தேகங்களோடும் எப்படி வாழ்வது என்பதற்கான தனிப்பட்ட உளவியல் அமர்வுகள், பணம் கையாளுதல், பஸ் ஏறுதல், நாலு பேரோடு பேசுதல் போன்ற அன்றாடத் திறன்களுக்கான குழுப் பயிற்சி, வேலைக்குத் திரும்புவதற்கான உதவி, குடும்பத்தாருக்கான அமர்வுகள். பிரிட்டனின் தேசிய வழிகாட்டி நெறிகள் இந்த நோய்க்குத் தனிப்பட்ட உளவியல் சிகிச்சையைக் குறைந்தது 16 அமர்வுகளாகவும், குடும்ப அமர்வுகளை மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 10 ஆகவும் வைக்கின்றன. எட்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எட்டு வாரம் என்பது தொடக்கம், அதன்பிறகு என்ன என்று முதல் நாளே கேளுங்கள். நான் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது வேறொரு கேள்வி: நோயாளி ஒருநாள் வரவில்லை என்றால் அன்று மாலைக்குள் அவனுக்கு ஃபோன் செய்பவர் யார்? அதற்கு ஒரு பெயரைச் சொல்கிறார்கள் என்றால் அது தீவிரச் சிகிச்சை. "வராதவர்களை நாங்கள் என்ன செய்ய முடியும்" என்றால், அது காசு அதிகமான ஓபிதான்.

அட்மிஷனே தேவைப்படும் நிலைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. செத்துப்போ என்றோ இன்னாரை வெட்டு என்றோ குரல்கள் ஏவுவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, சாப்பாடு தண்ணீரை அறவே ஒதுக்குவது, கட்டுக்கடங்காத ஆவேசம் ஆகியவை தெரிந்தால் திட்டத்தின் அடுத்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெயரை வீட்டுச் சுவரிலேயே எழுதி வையுங்கள். இரவில் பதறும்போது வழி கேட்க, 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலிமானஸ் என்ற இலவசத் தொலைபேசி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம். உங்கள் கடிதத்தில் இத்தகைய அறிகுறி எதுவும் இல்லை; வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாகத் தம்பியே வருகிறேன் என்கிறான். மூன்று ஆண்டுகளில் அவன் தானாக ஒப்புக்கொண்ட முதல் சிகிச்சை இதுவாகவே இருக்கலாம். அந்த ஒப்புதலை வீணாக்கிவிட்டு, வலுக்கட்டாயமாக எங்கோ பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 12 மணி நேரம். ஒரு வாரத்தில் இருப்பது 168. மீதி 156 மணி நேரம் அவன் உங்கள் வீட்டிலும், பஸ்ஸிலும், உறக்கத்திலும், ரப்பர் தோட்டத்து ஓரத்திலும்தான் இருக்கப்போகிறான். இந்தச் சிகிச்சை நிற்பதும் விழுவதும் அந்த 156 மணி நேரத்தில்தான். 1950களின் இறுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய நோயாளிகளைவிட, வாடகை அறையில் தங்கியவர்கள் நன்றாக இருப்பதைக் கண்டு திகைத்தார். பிந்தைய ஆய்வுகளில் தெளிந்தது இதுதான்: ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுமீறிப் பொத்திக் காப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மிகுந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம். குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்குப் பொருளில்லை. மூளை ஏற்கெனவே இரைச்சலில் இருப்பவனுக்கு வீட்டின் இரைச்சல் தாங்காது என்பதே பொருள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? அவன் குரல் கேட்கிறது என்றால், கேட்கவில்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எனக்கு அது கேக்கல தம்பி, ஆனா நீ பயந்து போயிருக்கேன்னு தெரியுது, வா வெளிய கொஞ்சம் நடப்போம்" என்று உங்கள் பேச்சில் நீங்கள் சொல்வதே போதும். வேலையில்லாமல் கிடக்கிறான் என்று அவன் காதுபடப் பேசுவதை நிறுத்துங்கள். ஆர்வமின்மையும் சோம்பல்போலத் தெரிவதும் பல நேரம் நோயின் பகுதி, மருந்துக்கும் அதில் பங்கிருக்கலாம். இன்னொரு பக்கம், குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் பின்னாலேயே நிற்கும் அம்மாவின் அக்கறையையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். நோய் திரும்புவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அறிகுறி வரிசை இருக்கும். போன இரண்டு அட்மிஷனுக்கு முந்தைய இரண்டு வாரங்களை நினைத்துப் பாருங்கள், தூக்கம் கெட்டதா, ஜன்னலை அடைத்தானா, செல்ஃபோனை அணைத்து வைத்தானா? அதை அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள், அவன் கையாலேயே எழுதினால் இன்னும் நல்லது.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் என்றும், தம்பி முன்பு கூடப் போவான், இப்போது கத்தியைக் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குபவர்கள் அல்லர். குரல்கள் அடங்கி, மருத்துவரும் சரியென்ற பிறகு, முதலில் கத்தியில்லாமல் பால் எடுக்கவும் ஷீட் உலர்த்தவும் அப்பாவோடு போகட்டும். விடியலுக்கு முன்பே எழ வேண்டிய வேலை இது. இரவு பத்து மணிக்குப் போட்ட மருந்தின் மயக்கம் அப்போது விட்டிருக்காது. மருந்தை எத்தனை மணிக்குப் போடலாம் என்று மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரவு ஏழெட்டு மணி நேரத் தூக்கத்தை வெட்டி வேலைக்கு அனுப்பாதீர்கள். வேலை கிடைப்பதற்கு முன்பு முழுவதும் குணமாக வேண்டும் என்ற எண்ணம் பழையது. உதவியோடு வேலையில் இறங்கிக்கொண்டே குணமடைவதுதான் பலருக்குப் பொருந்துகிறது.

பயணம் உங்களுக்குப் பெரும்பாடு என்பதையும் பார்க்கிறேன். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வாரம் நான்கு முறை போய்வருவது எட்டு வாரத்தில் 32 பயணம். அப்பாவின் ஒருநாள் வெட்டுக்கூலியோடு கணக்குப் போட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்களோ அம்மாவோ கூடப் போனால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நான்கு நாள் முடியாது என்றால், இரண்டு நாள் நாகர்கோவிலுக்கும், ஒருநாள் உள்ளூர் அரசு மருத்துவமனைக்கு ஊசிக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ, ஒருநாள் ஃபோன் அமர்வுக்கும் என்று பிரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்பதை ஆசாரிபள்ளத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் அங்கே இலவசம். காப்பீட்டு நிறுவனங்கள் மனநோயை மற்ற நோய்களுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, எனினும் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேராத சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பெரிய கட்டடமும் பெரிய படிப்பும் இல்லாமலே இந்த வகை உதவி பலன் தரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. கோவா, சதாரா, காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று உதவியபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டு முடிவில் நோய்க்குறிகளும் முடக்கமும் ஓரளவு குறைந்திருந்தன. அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது காஞ்சிபுரம் பகுதியில்தான். மாயாஜாலமில்லை, ஓரளவு முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஓரளவுதான் ஒருவனைச் சொந்தமாக பஸ் ஏற வைக்கிறது.

மாமாவின் யோசனைகளில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி போதும்: கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தன்று, மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு குடும்பங்களுக்கும் நோய். பிரார்த்தனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழிபாடு அவனுக்கு ஆறுதல் தருமானால் மாலையில் போய்வரட்டும், நான் தடுக்கமாட்டேன். மருந்தை நிறுத்துவது, பட்டினி போடுவது, அடிப்பது, கட்டிவைப்பது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அது வழிபாடு அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை இன்றைய சட்டம் எந்த வகையிலும் அனுமதிக்கவில்லை. அதே சட்டம், நோய் முற்றிய நேரத்தில் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் வயதுவந்த எவருக்கும் உரிமை தருகிறது. தம்பி தெளிவான நாளில் அதை எழுதட்டும். அவன் நியமிக்கும் ஆள் நீங்களாக இருக்கலாம், அம்மாவாக இல்லாமலும் இருக்கலாம், அதில் யாரும் மனம் வருந்த வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, தம்பி இல்லாமல் பேச அரை மணி நேரம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். மீதியிருக்கும் மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், சித்திரையிலிருந்து எத்தனை செலவாகியிருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும்.